முதலைத் தாக்குதல் பதிவேடு: எதை எழுத வேண்டும், அதை வைத்து எப்படி முடிவெடுப்பது

ஒருவரை முதலை பிடித்துவிட்டது என்ற செய்தி வந்ததும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை அடி இருக்கும்?" என்பதுதான். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் போதும். மற்ற கட்டங்கள் மனிதருக்கும் தண்ணீருக்கும் உரியவை. அவர் எந்தத் துறையில் (மக்கள் நீரில் இறங்கும் இடத்தில்), எந்த வேலையாக, எந்த நேரத்தில், எவ்வளவு ஆழத்தில் இறங்கினார்? அந்த வேலையைச் செய்ய அவருக்கு வேறு இடம் இருந்ததா?

முதலையின் குணத்தை நம்மால் மாற்ற முடியாது. மக்கள் தண்ணீரைத் தொடும் இடத்தையும் நேரத்தையும் முறையையும் மாற்ற முடியும். பதிவு அந்த இடத்தைக் காட்டாவிட்டால் மிஞ்சுவது ஒரே நடவடிக்கைதான்: கண்ணில் பட்ட பெரிய முதலையைப் பிடிப்பது அல்லது கொல்வது. முதலையும் போகும், அடுத்த வெள்ளக்காலத்தில் அதே துறையில் இன்னொருவரும் போவார். வனப் பணியாளர்கள், ஆய்வு மாணவர்கள், ஆற்றோரக் கிராமக் குழுக்கள் ஆகியோர் பதிவேட்டை எப்படித் தொடங்கலாம், எங்கே தவறு நேரும் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் எல்லை போடுங்கள்

எதைத் தாக்குதல் என்று கணக்கில் சேர்ப்பது என்பதை முதல் வரியை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இயற்கையில் வாழும் முதலை மனித உடலைக் கடித்தாலோ அடித்தாலோ, ஆள் இருக்கும் படகைத் தாக்கினாலோ அது பதிவு. துரத்தியது, பக்கத்தில் எழும்பியது போன்றவை "தப்பிய நிகழ்வு" என்று தனித் தாளில் போகட்டும். ஆடு, மாடு, நாய் இழப்புக்கு இன்னொரு தாள். அந்தத் தாளை வேண்டாத வேலை என்று விட்டுவிடாதீர்கள். ஒரே துறையில் நாய்கள் அடுத்தடுத்துக் காணாமல் போனால், அங்கே கரைக்கு வந்து இரை பிடித்துப் பழகிய முதலை ஒன்று இருக்கிறது என்று பொருள். பண்ணையிலும் காட்சியகத்திலும் பணியாளர்கள் கடிபடுவது வேறு வகை; அதை இதோடு கலக்க வேண்டாம்.

"சீண்டியதால் நடந்ததா, சீண்டாமல் நடந்ததா" என்ற கட்டம் பல படிவங்களில் உண்டு. அது பழி சுமத்தத்தான் உதவுகிறது. அதற்குப் பதிலாகக் காரணத்தை ஐந்தாகப் பிரியுங்கள்: இரைக்காக, எல்லைக் காவலுக்காக, கூடு அல்லது குஞ்சைக் காக்க, தற்காப்புக்காக (வலையில் சிக்கியது, மிதிபட்டது), தெரியவில்லை. பக்கத்திலேயே "எதை வைத்துச் சொல்கிறோம்" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். பிடித்து ஆழத்துக்கு இழுத்தால் பெரும்பாலும் இரைக்காகத்தான். முட்டைக் காலத்தில் கரையோரப் புதரிலிருந்து பாய்ந்து, ஒருமுறை கடித்துவிட்டு நின்றுவிட்டால் கூட்டைக் காக்கும் தாயாக இருக்கலாம். ஆனால் இரைக்காகப் பிடித்த முதலையும் பிடி நழுவி விட்டுவிடுவது உண்டு. ஒரே கடி என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

எல்லைக் காவலுக்கு எல்லோரும் சுட்டும் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் 1970களில் படகு மோட்டார்களைத் தொடர்ந்து கடித்துவந்த "ஸ்வீட்ஹார்ட்" என்ற உவர்நீர் முதலை. 5.1 மீட்டர் நீளம் இருந்தும் அது ஒருவரையும் கொல்லவில்லை. 1979இல் பிடிக்கும் முயற்சியில் அதுவே இறந்தது.

இடத்துக்குப் போய் எழுதுவது

சம்பவம் நடந்து இரண்டு மூன்று நாளுக்குள், சம்பவம் நடந்த அதே மணிக்கு அந்தத் துறைக்குப் போங்கள். வெளிச்சம், ஆள் நடமாட்டம், நீரின் நிறம் எல்லாம் அப்போதுதான் பிடிபடும். தனியாகப் போகாதீர்கள். அதே முதலை அங்கேயே இருக்கக்கூடும். நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஆழத்தை இறங்கி அளக்கக் கூடாது. நீளமான கழியைப் படகிலிருந்தோ மேட்டிலிருந்தோ இறக்கி அளந்தால் போதும்.

ஜிபிஎஸ் அளவைத் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம்வரை எழுதுங்கள்; அது ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விடும், எந்தத் துறை என்றே தெரியாது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதும் பழக்கத்தால் பயனற்றுப்போன பதிவுகள் ஏராளம். ஓர் ஊருக்கு ஆறு துறை இருக்கலாம். அதில் ஆபத்தானது ஒன்றாக இருக்கலாம்.

ஆழத்தை உடலால் அளப்பதே எளிது: கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, நீச்சல். அந்த இடத்திலிருந்து ஓர் எட்டு தள்ளி எவ்வளவு ஆழம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்றவரைப் பிடித்தது எப்படி என்ற குழப்பம் பெரும்பாலும் இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும். கரை சட்டென்று இறங்கும் இடங்களில், கலங்கிய நீருக்குள் முழுதாக மறைந்து முதலை காலடிவரை வர முடியும்.

வேலையைப் பொதுச் சொல்லால் எழுதாதீர்கள். "மீன்பிடித்தல்" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. இடுப்பு நீரில் நின்று வலை வீசினாரா, கட்டிய வலையை அவிழ்க்கப் போனாரா, சிக்கிய தூண்டிலை எடுக்க இறங்கினாரா, கரையில் குந்தி மீன் கழுவினாரா? நான்குக்கும் தீர்வு நான்கு விதம். "குளியல்" என்பதும் அப்படியே: நீந்துவது, நின்று மொண்டு ஊற்றிக்கொள்வது, துணி அலசுவது, குடத்தில் நீர் எடுப்பது என்று பிரியுங்கள். உடல் நிலையும் வேண்டும். குனிந்தும் குந்தியும் இருப்பவர் நீருக்கு அருகில், உயரம் குறைந்து தெரிவார்.

ஒப்பிட்டுப் பார்க்க, கற்பனையாக எழுதிய இரண்டு பதிவுகள் இதோ.

முதலாவது: "காலையில் ஆற்றில் குளித்த பெண்ணை முதலை கடித்தது. முதலை மிகப் பெரியது."

இரண்டாவது: "பெண், 34. துணி அலசக் குனிந்திருந்தார்; முகம் கரைப் பக்கம். நீர் முழங்காலுக்குக் கீழ். ஓர் எட்டு தள்ளி இடுப்பளவு. காலை 6.20, வெளிச்சம் வந்துவிட்டது. நீருக்குள் கையை விட்டால் விரல் தெரியாத கலங்கல். மூன்று நாள் மழை, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. துறைக்கு 15 மீட்டர் மேலே மீன் கழுவும் கல். குடலும் செதிலும் கிடந்தன. ஊர்க் கைப்பம்பு இரண்டு மாதமாகப் பழுது. வலது முன்கையைப் பிடித்தது. கூட இருந்தவர் இழுத்ததும் விட்டது. தலை மட்டும் தெரிந்தது."

இரண்டாவதில் முதலையின் நீளமே இல்லை. ஆனாலும் செய்ய வேண்டிய மூன்று காரியங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன: பம்பைச் சரிசெய்வது, மீன் கழுவும் கல்லை நகர்த்துவது, அந்தத் துறைக்குத் தடுப்பு போடுவது.

நீளம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் கடிபட்டவரும் பார்த்தவர்களும் பயத்தில் கூட்டித்தான் சொல்வார்கள். "பெரியதா?" என்று கேட்காமல், ஒரு கயிற்றைத் தரையில் போட்டு "பார்த்த அளவுக்கு இதை நீட்டுங்கள்" என்று கேளுங்கள், பிறகு டேப்பால் அளந்து எழுதுங்கள். தலை மட்டும் தெரிந்திருந்தால் தலையின் நீளத்தைக் காட்டச் சொல்லுங்கள். உவர்நீர் முதலையில் மொத்த நீளம் தலையைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு இருக்கும். படிவத்தில் ஒற்றை எண்ணை விட வகுப்பாகக் குறிப்பதே நேர்மை: 1.5 மீட்டருக்குக் கீழ், 1.5–2.5, 2.5–3.5, அதற்கு மேல். அளந்ததா, ஊகமா என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்த இனம் என்பதிலும் அதே கவனம் தேவை. உலக அளவில் மனிதரைத் தாக்குவதில் நைல் முதலையும் உவர்நீர் முதலையும் முன்னிற்கின்றன. சதுப்புநில முதலை, அமெரிக்க முதலை, கருங்கெய்மன் போன்றவையும் தாக்குவதுண்டு. ஒரே நீர்நிலையில் இரண்டு இனங்கள் இருந்தால் "இங்கே இருப்பது இதுதான்" என்ற பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். மீனையே முக்கிய உணவாகக் கொண்ட, குச்சி போல் மெலிந்த மூக்குள்ள கரியால் மீது பழி விழுவது இப்படித்தான். இனம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

காயம் சொல்வது

முதலையின் பற்கள் கூம்பு வடிவம்; வெட்டுவதற்கல்ல, பிடிப்பதற்கு. தோலில் வட்டமான துளைகள் வில்போல வரிசையாக இருக்கும். இழுபட்ட இடத்தில் துளை கிழிசலாக நீளும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். துணியைத் துவைத்துவிடாமல் வாங்கி உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மரபணுச் சோதனைக்கு வழி இருந்தால் அதுவும் கெட்டுவிடும்.

உடல் மட்டும் கிடைத்த சம்பவங்களில் பெரிய கேள்வி ஒன்று உண்டு: முதலை கொன்றதா, மூழ்கி இறந்த உடலை முதலை தின்றதா? உடற்கூறு ஆய்வில் காயத்தைச் சுற்றித் திசுக்குள் ரத்தம் கசிந்திருந்தால், உயிரோடிருந்தபோது பட்ட கடி. கசிவே இல்லாவிட்டால் இறந்த பிறகு பட்டதாக இருக்கலாம். ஆனால் நீரில் நெடுநேரம் ஊறிய உடலில் ரத்தம் கழுவிப் போயிருக்கும் என்பதால் மருத்துவரின் முடிவுதான் முக்கியம். நுரையீரலில் நீர் இருந்தது என்பதை வைத்து முதலையை விடுவிக்கவும் முடியாது. முதலை பிடித்து இழுத்தவரும் மூழ்கி இறந்திருக்கலாம்.

உயிர் தப்பியவர் என்றால், மருத்துவமனைக்குப் போக எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் 30 நாள் கழித்து எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். முதலைக் கடியில் ஏரோமோனாஸ் போன்ற நீர்வாழ் பாக்டீரியாக்கள் உள்ளே போகும். சிறிய துளைதானே என்று தையல் போட்டு மூடிவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். நன்றாகக் கழுவுதல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, டெட்டனஸ் ஊசி மூன்றும் கிடைத்தனவா என்பது பதிவில் இருந்தால், அருகில் உள்ள மருத்துவ நிலையத்தில் எது குறைகிறது என்பதும் தெரியும்.

மக்கள் சொல்லாமல் விடுவது

கடிபட்டவரிடம் முதல் நாளே படிவத்தோடு போய் நிற்காதீர்கள். அவருக்குப் பழக்கமான ஒருவரோடு போய், முதலில் குறுக்கிடாமல் முழுதாகச் சொல்லவிட்டுப் பிறகு கேளுங்கள். தடை செய்த பகுதியில் மீன்பிடித்தவர் வழக்குக்குப் பயந்து இடத்தை மாற்றிச் சொல்வார். அப்படிப் பத்துப் பேர் சொன்னால் உங்கள் வரைபடத்தில் பாதுகாப்பான துறை சிவப்பாகவும், ஆபத்தான துறை வெறுமையாகவும் தெரியும். பதிவெழுதுபவரும் அபராதம் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இழப்பீடு கிடைக்கும் ஊர்களில் தலைகீழாக, வேறு காயங்களும் முதலைக் கணக்கில் வந்து சேரும்.

நம்பிக்கைகளும் வாயடைக்கும். திமோர்-லெஸ்தேயில் முதலையை மூதாதையாகக் கருதி "தாத்தா" என்றே அழைப்பார்கள். தப்பு செய்தவரைத்தான் அது பிடிக்கும் என்ற எண்ணமும் உண்டு. அப்படியான இடத்தில் உயிர் தப்பியவர் வெளியே சொல்வாரா?

பழைய பதிவுகளைச் சேர்ப்பது

பத்திரிகை, மருத்துவமனைப் பேரேடு, காவல் நிலையக் குறிப்பு, கிராமத்துப் பெரியவர்களின் நினைவு எல்லாவற்றிலிருந்தும் எடுக்கலாம். செய்தி வெளியான தேதியைச் சம்பவத் தேதியாக எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஒரே சம்பவம் மூன்று பெயர் எழுத்துக்கூட்டலில் மூன்று முறை ஏறுவது இரண்டாவது. தேதி மூன்று நாளுக்குள், இடம் பத்து கிலோமீட்டருக்குள், பால் ஒன்று, வயது வித்தியாசம் மூன்றுக்குள் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றுதான் என்று உறுதியானால் இணையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நம்பகத் தரம் கொடுங்கள்: நேரில் ஆய்ந்தது க, இரண்டு தனித்தனி ஆதாரம் உள்ளது ங, ஒரே ஆதாரம் ச. அலசும்போது எல்லாவற்றையும் வைத்து ஒருமுறை, முதலிரண்டு தரத்தை மட்டும் வைத்து ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் ஒரே முடிவு வந்தால் நம்பலாம்.

உலகளாவிய தாக்குதல் தரவுத்தளமான குரோக்பைட் 2013இல் தொடங்கியது. இப்போது குரோக்அட்டாக் என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் கட்டங்களை அதோடு பொருந்துமாறு அமைத்தால் பின்னால் ஒப்பிட எளிது.

எண்களைப் படிக்கும்போது

மாலையில் தாக்குதல் அதிகம் என்று பதிவு காட்டினால் மாலை ஆபத்தானது என்று உடனே அறிவிக்காதீர்கள். மாலையில் ஐந்து மடங்கு பேர் இறங்கினால் தாக்குதலும் கூடத்தான் செய்யும். காலை 6 முதல் மாலை 6 வரை துறையில் உட்கார்ந்து, மணிக்கு எத்தனை பேர் இறங்குகிறார்கள், என்ன வேலையாக இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் போதும். பிறகு தாக்குதலை இறங்கிய தலைக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். இந்த எண்ணிக்கை இல்லாத பதிவேடு பாதிப் பதிவேடுதான்.

பருவத்துக்குக் காரணங்கள் பல ஒன்றாகச் சேர்ந்து வரும். முதலை தன் உடல் வெப்பத்துக்குச் சூழலை நம்பியிருக்கும் உயிர்; வெப்பமான மாதங்களில் அதிகம் நகரும், அதிகம் தின்னும். அதே மாதங்களில் மக்களும் அதிகம் நீரில் இறங்குகிறார்கள். மழையில் நீர் ஏறினால் முதலை வழக்கமில்லாத ஓடைக்கும் வயல் வாய்க்காலுக்கும் வந்துவிடும். வறட்சியில் மனிதர், மாடு, முதலை எல்லோருக்கும் ஒரே மடுதான் மிஞ்சும். எது உங்கள் ஆற்றுக்குப் பொருந்தும் என்பதை மாத வாரியான தாக்குதலோடு நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் அடுக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சின்ன எண்களிடம் மிக எச்சரிக்கை வேண்டும். ஆண்டுக்குச் சராசரி 4 தாக்குதல் நடக்கும் ஆற்றில், எதுவுமே மாறாதபோதும் ஓர் ஆண்டு 1, இன்னோர் ஆண்டு 8 என்று வருவது இயல்பு. சராசரி 1 என்றால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஓர் ஆண்டு முழுக்கத் தாக்குதல் இல்லாமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. "முதலையைப் பிடித்தோம், இந்த ஆண்டு ஒருவரும் கடிபடவில்லை" என்ற வெற்றி அறிவிப்பை இந்தக் கணக்கோடு பாருங்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு அமைதி தற்செயலாக வர 5 விழுக்காடுதான் வாய்ப்பு, அப்போது பேசலாம்.

தாக்குதல் கூடுகிறதா, பதிவுதான் கூடுகிறதா என்று பிரிக்க ஒரு வழி: மரணங்களையும் காயங்களையும் தனித்தனியே வரையுங்கள். மரணம் அப்படியே இருக்க, காயம் மட்டும் ஏறினால் பெரும்பாலும் பதிவெழுதுவது மேம்பட்டிருக்கிறது. இரண்டும் ஏறினால் களத்தில் ஏதோ மாறியிருக்கிறது. முதலைகளே பெருகியிருக்கலாம், அதற்கு இரவில் விளக்கடித்துக் கண்ணொளியை எண்ணும் கணக்கெடுப்பு வேண்டும். கடல் ஓதம் (நீர்மட்ட ஏற்ற இறக்கம்) உள்ள ஆறுகளில் வற்றுநீர் நேரத்தில், கரைச்சேறு வெளியே தெரியும்போது எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையோடு அளவு வகுப்பும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் 1971இல் பாதுகாப்பு வந்தபோது சில ஆயிரமாக இருந்த உவர்நீர் முதலைகள் இன்று ஒரு லட்சம் அளவுக்கு மதிப்பிடப்படுகின்றன. எண்ணிக்கை மீண்ட பிறகும் பெரிய முதலைகளின் பங்கு ஏறிக்கொண்டே போகும். ஆஸ்திரேலியத் தாக்குதல்களை அலசியதில், முதலைக்கும் மனிதருக்கும் இடையிலான எடை வித்தியாசமே பிழைப்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. குழந்தைகள் இறங்கும் துறைக்கு முதலிடம் கொடுக்க இதை விடப் பெரிய காரணம் வேண்டாம்.

முடிவெடுக்கும்போது

நீர் எடுக்கப் போய்த்தான் பெரும்பாலோர் கடிபடுகிறார்கள் என்றால் எச்சரிக்கைப் பலகையால் பயனில்லை. குழாயோ கைப்பம்போ கொடுத்தால்தான் தீரும். குளியலும் துவையலும் என்றால் தடுப்புவேலி. இலங்கையின் ஆற்றுத்துறைகளில் இப்படி அடைத்த குளியலிடங்கள் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளன. அவை தோற்பதற்குக் காரணங்கள் எப்போதும் ஒன்றுபோலத்தான். கோடையில் நீர் வேலிக்கு வெளியே வடிந்துவிட, மக்களும் வெளியே போவார்கள். வெள்ளம் வேலிக்கு மேலே ஏறி, இறங்கும்போது உள்ளே ஒரு முதலையை விட்டுச் செல்லும். அடியில் மண் அரித்துச் சந்து விழும். மூங்கில் நீருக்குள் உளுத்திருப்பது வெளியே தெரியாது. ஆகவே வேலியின் அடியைக் கோடைத் தாழ்நீருக்கும், தலையைப் பெருவெள்ளத்துக்கும் கணக்கிட்டு அமையுங்கள். கரைப்பக்கத்து இரு ஓரங்களும் மேட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறையும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கழியால் அடியைத் தட்டிப் பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

கூடுகளின் அருகில்தான் கடி நடக்கிறது என்றால் வேலியும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். முட்டையிட்டதிலிருந்து குஞ்சுகள் பொரிந்து தாயை விட்டு அகலும்வரை அந்தக் கரையை மூடுங்கள்.

முதலையைப் பிடித்து வேறிடத்தில் விடுவது மக்களைச் சமாதானப்படுத்தும். ஆபத்தைத் தீர்க்கும் என்று நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விட்ட ஓர் உவர்நீர் முதலை, சில மாதம் அங்கே இருந்துவிட்டு, 20 நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாக நீந்திப் பழைய இடத்துக்கே திரும்பியது. கொண்டுபோய் விட்ட இடத்தில் அந்த முதலை யாரையாவது கடித்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. நிரந்தரமாக அகற்றுவது என்றால் அதே முதலைதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும்: சம்பவத்துக்குப் பின் அதே இடத்தில் தொடர்ந்து காணப்பட்டது, அளவு வகுப்பு பொருந்துகிறது, அடையாளத் தழும்பு உண்டு. ஆதாரத்தையும் பதிவில் எழுதுங்கள். நல்ல மடு காலியானால் இன்னொரு முதலை வந்து சேரும். ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் பொறிக்கூண்டுகளை ஆண்டு முழுக்க வைத்திருப்பது இதனால்தான். ஒருமுறை பிடித்ததோடு முடிகிற வேலை அல்ல அது.

பெயர், முகவரி, காயத்தின் படம் ஆகியவை தனிக் கோப்பில், பூட்டில் இருக்கட்டும். பொதுவில் பகிரும் தாளில் வரிசை எண் மட்டும் போதும். அலசி வந்த வரைபடத்தை முதலில் அந்தத் துறையில் இறங்கும் மக்களிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் விட்டுவிட்ட இரண்டு மூன்று சம்பவங்களை அங்கேயே விரல் வைத்துச் சொல்வார்கள்.

படிவத்தின் கடைசியில் மூன்று கட்டங்கள்: என்ன செய்தோம், எந்தத் தேதியில், ஓராண்டு கழித்து அது இன்னும் இருக்கிறதா. மூன்றாவது கட்டத்தை நிரப்ப வேண்டிய தேதியைப் பதிவெழுதும் அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பம்பு மறுபடி பழுதாகியிருந்தால் அடுத்த மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.